கழித்தல் கணக்கு

லாயத்தில், பழைய சேணங்களைப் போட்டுவைத்த மூலையில்
ஐந்து குட்டி ஈன்று, நான்கோடு போய்விட்டது தாய்.
விட்டுப்போனது இதை.
ஈர வைக்கோலில் யாரோ கறுப்புக் கையுறையைத் தவறவிட்டார்களென்று
காலால் தள்ளப் போனேன்.
கையுறை முனகியது.

மருத்துவர் இல்தா பெர்தோமோ
விலா எலும்பை ஒவ்வொன்றாகத் தொட்டு நிறுத்தினார்.
"கை வைத்தால் தட்டுப்படலாம்.
கண்ணால் எண்ணும்படி இருக்கக் கூடாது."
முதலில் புழுவுக்கு மருந்து.
அப்புறம் சோறு, கொஞ்சம் கொஞ்சமாய், நாளைக்கு ஐந்து வேளை.
பாவம் பார்த்து ஒரேயடியாகப் போட்டால் வயிறு போகும்.
பசும்பால் வேண்டாம்.
"தினமும் ஒரே நேரத்தில் எடை பார்த்து எழுது.
அதெல்லாம் உனக்குச் சொல்ல வேண்டுமா, எல்பியோ?"

வேண்டாம்.
லாஸ் பியெத்ராஸ் பந்தயத் திடலில் பத்தொன்பது வருடமாக
குதிரைமேல் உட்கார எனக்குள்ள ஒரே தகுதி
ஐம்பத்திரண்டு கிலோ.
சனிக்கிழமைக்கு ஓர் அவித்த முட்டை.
ஞாயிறு காலை, நாக்கு நனைய ஒரு வாய் கசப்பு மாத்தே.
பிளாஸ்டிக் கோட்டு, அதன்மேல் கம்பளி,
அதன்மேல் ஜனவரி வெயில்.
கடைசி இருநூறு கிராமைத்
தகரக் குவளையில் துப்பித் துப்பியே குறைத்ததுண்டு.
குறைப்பதில் கைதேர்ந்தவனிடம்
கூட்டும் வேலையைக் கொடுத்துவிட்டுப் போனார் இல்தா.

தனியாக விட்டால் தராசில் நிற்காது.
தூக்கிக்கொண்டு ஏறுவேன்.
இறக்கிவிட்டு மறுபடி ஏறுவேன்.
கழித்தால் வருவது நாய்.
முதல் நாள் வந்தது ஆயிரத்து நூறு கிராம்;
என் மழைக்கால பூட்ஸ் அதைவிடக் கனம்.
கிராமோ என்று பெயர் வைத்தேன்.

கோழிக் கழுத்தை வேகவைத்து, எலும்பைப் பிரித்தெடுத்து,
அரிசியைக் குழையவிட்டு, ஒரு துண்டு பூசணி.
உப்பில்லாமல்.
கைச்சூடு வரும்வரை ஆற்றி, விரல் நுனியில்.
இரண்டு நாள் முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது.
மூன்றாம் நாள் சோற்றோடு விரலையும் கடித்தது.
ரத்தம் வந்த விரலைப்
பக்கத்து லாயத்துக்காரனிடமெல்லாம் காட்டித் திரிந்தேன்.

நோட்டில் இடப்பக்கம் நான், வலப்பக்கம் அது.
ஐம்பத்து மூன்று இருநூறு; ஒன்று நூறு.
ஐம்பத்து மூன்று; ஒன்று முந்நூறு.
ஐம்பத்திரண்டு அறுநூறு; ஒன்று எழுநூறு.
கூட்டிப் பார்த்தேன்.
ஒரு வாரமாக ஒரே தொகை.
ஒரே சட்டையை இரண்டு பேர்
முறைவைத்து உடுத்துவதுபோல.

வெள்ளி இரவு, இரண்டு மணி வேளை.
மதியத்திலிருந்து நான் பச்சைத் தண்ணீரும் தொடவில்லை.
பாதியிலேயே மூக்கைக் கிண்ணத்தில் வைத்துத் தூங்கிப்போனது.
சட்டியோரம் ஒட்டியதை விரலால் வழித்தேன்.
பிறகு கரண்டி எடுத்தேன்.
பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன்.
உப்பில்லாப் பண்டம்.
ஒரு பருக்கைகூடக் குப்பைக்குப் போகவில்லை.
சனியும் அப்படியே.

ஞாயிறு, எடை மேடையில்
வால்தெமார் முள்ளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்,
முள் நகர்ந்துவிடும் என்பதுபோல் கொஞ்ச நேரம் காத்திருந்தார்.
பிறகு சிவப்புப் பேனாவைத் திறந்தார்.
எழுநூறு கிராம்.
என் செம்பழுப்புப் பெண்குதிரையில்
சால்தோவிலிருந்து வந்த பையன் ஏறினான்.
வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன்.
நான்காவதாக வந்தாள்.
நான் ஏறியிருந்தாலும் நான்காவதுதான் என்று
சொல்லிக்கொள்ள முயன்றேன்.
வளைவில் அவளை அவன் இரண்டு நொடி முன்னதாக விரட்டிவிட்டான்.
எனக்குத் தெரியும்.

வீட்டுக்கு வந்ததும் தராசை எடுத்தேன்.
கையில் அடங்கவில்லை; காதைக் கடித்தது, துள்ளியது.
முள் நிற்க நேரமானது.
கழித்தேன். இரண்டு கிலோ பத்து.
விலாவைத் தேடினேன். தட்டுப்பட்டது;
எண்ண வரவில்லை.

சட்டைக்குள் கையை விட்டு
என்னுடையதையும் பார்த்தேன்.
ஒன்று, இரண்டு, மூன்று,
நான்கில் இருக்கும்போது
கிண்ணத்தைச் சுவரில் மோதிச் சத்தம் போட்டது.
ஐந்தாம் வேளை.
அரிசியை இருவருக்கும் சேர்த்து அளந்தேன்.